வேண்டாம் என்று சொல்ல முடிந்தவர்கள்: எச்ஐவி ஆய்வுக் கூட்டணிகளின் உள்கணக்கு

2020 செப்டம்பர் வரை சிங்கப்பூரில் எச்ஐவி மருந்துகளுக்குப் பொதுவான அரசு மானியம் கிடையாது. மெடிசேவ் எனும் கட்டாய மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஓரளவு எடுக்கலாம். கையில் காசே இல்லாதவர்களுக்கு உதவி நிதி உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் பலர் பாங்காக் போய் ஜெனரிக் மருந்தை (அதே மருந்தின் மலிவுப் பிரதியை) வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அதே ஆண்டுகளில் சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரம் அரசு மருத்துவமனையில் அதே வகை மருந்துகள் இலவசம். இந்திய அரசு 2004 ஏப்ரலில் தொடங்கிய சிகிச்சைத் திட்டத்தின் முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று.

பணக்கார நாடு, ஏழை நாடு என்று பேச்சை எடுக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எச்ஐவி மருந்தைப் பொறுத்தவரை கண்டுபிடித்த நாடு ஒன்று, மக்களிடம் சோதித்த நாடு இன்னொன்று, மலிவாகத் தயாரித்த நாடு வேறொன்று. விலை கட்டாமல் திண்டாடியவர் எந்த நாட்டிலும் இருந்திருக்கலாம், நம் சிங்கப்பூர் உட்பட.

எச்ஐவி ஆய்வுக்காகப் பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் சேரும் கூட்டணிகளைப் பற்றி இரண்டு கதைகள் புழங்குகின்றன. மேற்கு நாடுகள் மனமிரங்கிப் பணம் கொடுத்து ஏழைகளைக் காப்பாற்றின என்பது ஒன்று. ஏழைகளைச் சோதனை எலிகளாக்கினார்கள் என்பது மற்றொன்று. கடந்த முப்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் இரண்டுமே பாதிதான். ஒரு கூட்டணி நியாயமாக நடந்ததா என்பதைப் பணம் எங்கிருந்து வந்தது என்பது தீர்மானிப்பதில்லை. வறிய தரப்புக்கு 'வேண்டாம்' அல்லது 'இப்படி வேண்டாம்' என்று சொல்லும் வலு இருந்ததா என்பதே தீர்மானித்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஏன் அங்கே போகிறார்கள்

தடுப்பு ஆய்வுகளில் ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது. ஒரு தடுப்பூசி வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால், ஆய்வில் சேர்ந்தவர்களில் சிலருக்குத் தொற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை. தாய்லாந்தின் ராயோங், சோன்புரி மாநிலங்களில் நடந்த ஆர்வி144 தடுப்பூசி ஆய்வில் 16,402 பேர் சேர்ந்தார்கள். தாய்லாந்துப் பொதுச் சுகாதார அமைச்சும் அமெரிக்க ராணுவமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. 2009இல் வெளியான முடிவு மொத்தமே 125 தொற்றுகளின் மேல் நின்றது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் 51 பேர், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 74 பேர். 31.2 விழுக்காடு பலன் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டதெல்லாம் இந்த இரண்டு எண்களின் இடைவெளிதான்.

சிங்கப்பூரில் 2023இல் புதிதாகத் தொற்று கண்டறியப்பட்ட குடியிருப்பாளர்கள் 201 பேர். அதே பதினாறாயிரம் பேரை இங்கே ஆய்வில் சேர்த்தால் அந்த மாதிரி ஒரு கணக்கு தேறாது. ஆகவே ஆய்வு நோய் இருக்கும் இடத்துக்குப் போகிறது. நோய் அதிகமாக இருக்கும் இடங்களில் பணமும் ஆய்வுக்கூடமும் குறைவு. ஏற்றத்தாழ்வு இந்த இடத்தில்தான் பிறக்கிறது. யாருடைய கெட்ட எண்ணமும் அதற்குத் தேவைப்படுவதில்லை.

அறிவியல் காரணமும் உண்டு. வைரஸ் எங்கும் ஒன்றுபோல் இல்லை. மேற்கில் அதிகம் ஆராயப்பட்டது பி வகை. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பரவியிருப்பது பெரும்பாலும் சி வகை. தென்கிழக்காசியாவில் இன்னொரு கலப்பு வகை. அதோடு பி வகை கலந்து உருவான 51_01பி என்ற வகை சிங்கப்பூரிலேயே அடையாளம் காணப்பட்டது. மனித உடலும் அப்படித்தான். அபாகாவிர் என்ற எச்ஐவி மருந்துக்குக் கடுமையான ஒவ்வாமை வர ஒரு மரபணு வகை காரணம். அது ஐரோப்பியரிடமும் இந்தியரிடமும் ஓரளவு காணப்படும், சீனரிடம் அரிது. ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் இருவருக்கு ஒரே மருந்தின் ஆபத்து வேறு என்றால், ஒரு நாட்டு ஆய்வை மட்டும் நம்பி மருந்து எழுத முடியாது.

076க்குப் பிறகு வந்த சண்டை

1994இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த 076 எனும் ஆய்வு பெரிய செய்தி கொண்டுவந்தது. கர்ப்பிணிகளுக்கு ஏஇசட்டி மருந்து கொடுத்தால் குழந்தைக்குத் தொற்று போவது 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் முறை கடினம். கர்ப்பத்தின் நடுவிலிருந்து தினம் ஐந்து வேளை மாத்திரை, பிரசவ நேரத்தில் நரம்பு வழியாக மருந்து, பிறந்த குழந்தைக்கு ஆறு வாரம் சொட்டு மருந்து. மருந்துச் செலவு மட்டும் சுமார் 800 அமெரிக்க டாலர். பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்னால்தான் முதன்முறையாக மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கு இதை எப்படிக் கொடுப்பது?

அதனால் ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் குறுகிய கால மருந்தைச் சோதிக்கும் ஆய்வுகள் தொடங்கின. பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்க அரசின் பணம். பல ஆய்வுகளில் பாதிப் பெண்களுக்கு வெற்று மாத்திரை. மருந்து பலிக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த பிறகு இது எப்படி நியாயம் என்று 1997 செப்டம்பரில் பீட்டர் லூரி, சிட்னி வுல்ஃப் என்ற இரு மருத்துவர்கள் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் கேட்டார்கள். அந்த இதழின் நிர்வாக ஆசிரியர் மார்சியா ஏஞ்சல் ஒருபடி மேலே போய், கறுப்பின ஆண்களுக்கு மேகநோய்ச் சிகிச்சை தராமல் பல்லாண்டு வேடிக்கை பார்த்த டஸ்கீகி ஆய்வோடு இதை ஒப்பிட்டார். அமெரிக்காவில் செய்யத் துணியாத ஒன்றை ஆப்பிரிக்காவில் செய்யலாமா என்பதே கேள்வி.

பதில் உகாண்டாவிலிருந்து வந்தது. உகாண்டா புற்றுநோய் நிலையத்தின் எட்வர்ட் எம்பிடே, இவை உகாண்டா ஆய்வாளர்கள் தம் மக்களின் நன்மைக்காகத் தம் மக்களிடம் நடத்தும் ஆய்வுகள், அமெரிக்கா இங்கே வந்து நடத்துவதல்ல என்று எழுதினார். எங்களுக்கு எது நல்லது என்று நீங்கள் முடிவு செய்வதும் ஒரு வகை ஆதிக்கம்தானே என்பது அதன் சாரம்.

நான் இரு தரப்பையும் படித்துவிட்டு நீண்ட நாள் ஏஞ்சல் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். இப்போதும் வெற்று மாத்திரை என்றாலே சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாங்காக்கில் நடந்ததைத் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு மருத்துவமனைகளில், கர்ப்பத்தின் 36ஆம் வாரத்திலிருந்து தினம் இரண்டு வேளை, பிரசவ வலி தொடங்கியதும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எளிய முறையைச் சோதித்தார்கள். குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதில் பால்மாவு. 1998 பிப்ரவரியில் முடிவு வந்தது. தொற்று 18.9 விழுக்காட்டிலிருந்து 9.4ஆக, கிட்டத்தட்ட பாதியாக, குறைந்தது. ஆய்வில் தாய்லாந்துச் சுகாதார அமைச்சே பங்காளி. முடிவு அறிக்கையாக நின்றுவிடாமல் அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுவதற்குமான திட்டமாக மாறியது. 2016இல் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவுவதை ஒழித்த முதல் ஆசிய நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் தாய்லாந்துக்குச் சான்று கொடுத்தது.

அந்த வெற்று மாத்திரைகளை விழுங்கிய பெண்களுக்கு இது ஈடாகுமா என்று கேட்டால் ஆகாது. அவர்களின் சில குழந்தைகளுக்குத் தவிர்த்திருக்கக்கூடிய தொற்று வந்தது. ஆனால் அவர்களுக்குப் பின் வந்த பெண்களுக்கு மருந்து போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், முடிவைக் கையில் எடுத்துச் செயல்படுத்தும் ஓர் அரசு தொடக்கத்திலேயே மேசையில் உட்கார்ந்திருந்ததுதான்.

புனோம்பென்னும் பாங்காக்கும்

2004இல் கம்போடியாவில் 960 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கவிருந்தது. டெனோஃபோவிர் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் தொற்றே வராமல் தடுக்க முடியுமா என்பது கேள்வி. அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அமெரிக்க அரசு மற்றும் கேட்ஸ் அறநிறுவனத்தின் பணம், பங்கேற்பாளர்கள் தலைநகர் புனோம்பென்னின் பாலியல் தொழிலாளர்கள்.

அந்தப் பெண்களுக்குச் சங்கம் இருந்தது. சங்கம் எளிமையாகக் கேட்டது. நாங்கள் நலமாக இருக்கிறோம். நோயில்லாத எங்களுக்கு மருந்து கொடுக்கிறீர்கள். சில ஆண்டு கழித்து இந்த மாத்திரையால் சிறுநீரகமோ எலும்போ கெட்டால் யார் பார்ப்பது? நீண்டகால மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றார்கள். ஆய்வுக் காலத்துக்கு அப்பால் எதற்கும் நிதி இல்லை என்பதே கிடைத்த பதில். அந்த ஜூலையில் பாங்காக்கில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் மருந்து நிறுவனத்தின் அரங்கு முன்னால் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆகஸ்ட்டில் பிரதமர் ஹுன் சென் ஆய்வையே தடுத்துவிட்டார். அடுத்த பிப்ரவரியில் கேமரூனில் நடந்துகொண்டிருந்த இதே போன்ற ஆய்வும் நிறுத்தி வைக்கப்பட்டது.

அப்போது விஞ்ஞானிகள் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். நல்ல மருந்து தாமதமாகிறதே என்ற அவர்கள் கவலையில் உண்மை இருந்தது. டெனோஃபோவிர் அடிப்படையிலான மாத்திரைதான் இன்று பிரெப் என்ற பெயரில் சிங்கப்பூர் மருந்தகத்திலும் கிடைக்கிறது. ஆனால் பெண்கள் கேட்டது மருந்து வேண்டாம் என்பதல்ல. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். அதைச் சொல்ல முறையான இடம் எதுவும் இல்லாததால் தெருவில் சொன்னார்கள். இந்த அனுபவத்துக்குப் பிறகுதான், ஆய்வுத் திட்டம் எழுதும் கட்டத்திலேயே பங்கேற்கப்போகும் சமூகத்தைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்ற வழிகாட்டியை ஐநா எய்ட்ஸ் அமைப்பும் எச்ஐவி தடுப்புக்காக வாதாடும் அவாக் அமைப்பும் சேர்ந்து 2007இல் கொண்டுவந்தன.

அதே மாத்திரை 2005 முதல் பாங்காக்கில், போதைப்பொருளை ஊசியால் ஏற்றிக்கொள்ளும் 2,413 பேரிடம் சோதிக்கப்பட்டது. 2013இல் வெளியான முடிவு: தொற்று 48.9 விழுக்காடு குறைவு. அங்கேயும் ஒரு நெருடல் உண்டு. ஊசி வழியாகப் பரவும் நோய்க்கு மிக மலிவான தடுப்பு சுத்தமான ஊசி. ஆய்வில் ஆணுறை கொடுத்தார்கள், ஊசியைக் கழுவ பிளீச் கொடுத்தார்கள், புது ஊசி மட்டும் கொடுக்கவில்லை. அமெரிக்க அரசின் பணத்தில் ஊசி வழங்க அந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை, தாய்லாந்தின் கொள்கையும் அதற்கு ஆதரவாக இல்லை. வாஷிங்டனில் போட்ட ஒரு சட்டம் பாங்காக் கிளினிக்கில் மேசைமேல் என்ன வைக்கலாம், என்ன வைக்கக்கூடாது என்று முடிவு செய்தது. தாய்லாந்துப் போதைப் பயனாளர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. ஆய்வு நிற்கவில்லை. அவர்களுக்காகப் பேச ஒரு பிரதமரும் வரவில்லை.

வலு எங்கிருந்து வருகிறது

மறுக்கும் வலு என்றால் ஹுன் சென் மாதிரி ஒரே அடியாகக் கதவைச் சாத்துவது மட்டுமில்லை. பாங்காக்கில் 1996இல் தொடங்கிய எச்ஐவி-நாட் நிலையத்தைப் பாருங்கள். நெதர்லாந்தின் யூப் லாங்கா, ஆஸ்திரேலியாவின் டேவிட் கூப்பர், தாய்லாந்தின் பிரபான் பனுபக் மூவரும் சேர்ந்து உருவாக்கியது. பெயரில் உள்ள 'நாட்' அந்த மூன்று நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகள், ஆனால் கட்டடமும் நோயாளிகளும் மருத்துவர்களும் தாய்லாந்துடையவை. ஆய்வு நடத்தத் தெரிந்த உள்ளூர் ஆட்கள் நிறைய வளர்ந்ததும், எந்த ஆய்வை எடுப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று அவர்களே முடிவெடுக்க முடிந்தது. 

சென்னைக் கதையும் அப்படியே. 1986இல் சென்னை மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் தெரியவந்தன. சென்னையில் எடுத்தார்கள், வேலூர் சிஎம்சியில் சோதித்தார்கள், உறுதி செய்ய அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 2011இல், சிகிச்சை எடுப்பவர் துணைக்குத் தொற்றைக் கடத்தும் வாய்ப்பு 96 விழுக்காடு குறைகிறது என்று எச்பிடிஎன் 052 ஆய்வு காட்டியபோது, ஒன்பது நாடுகளின் 1,763 இணைகளில் சென்னை, புனே இணைகளும் இருந்தார்கள். சாலமன் தொடங்கிய ஒய்ஆர்ஜி கேர் அந்த ஆய்வின் ஒரு மையம். இந்தியாவில் வெளிநாட்டுக் கூட்டாய்வுகள் சுகாதார அமைச்சின் தனிக்குழு ஒன்றின் அனுமதியையும் பெற வேண்டும். தாமதம் தாமதம் என்று ஆய்வாளர்கள் அதைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் ரத்த மாதிரி எந்த நிபந்தனையில் நாட்டை விட்டுப் போகிறது என்று கேட்க ஓர் இடம் இருக்கிறது.

2024இல் சிங்கப்பூர் தன் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் தொடர்ந்து இருப்பவர்கள் தங்களுக்கு எச்ஐவி இருப்பதைத் துணையிடம் அறிவிக்கத் தேவையில்லை என்றது. அதற்குப் பின்னால் நிற்கும் ஆதாரங்களில் அந்தச் சென்னை இணைகளின் ஆண்டுகளும் சேர்ந்திருக்கின்றன.

நிறுத்து என்று ஒரு மின்னஞ்சல்

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கியபோது, இவ்வளவு காலம் பேசியதெல்லாம் ஒரே வாரத்தில் சோதனைக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் தொற்றுத் தடுப்பு வளையத்தை உடலுக்குள் பொருத்திக்கொண்டிருந்த பெண்கள் ஆய்வின் நடுவில் இருந்தார்கள். வேலையை நிறுத்து என்று உத்தரவு வந்தது. ஆப்பிரிக்க விஞ்ஞானிகளே தலைமை ஏற்று நடத்தவிருந்த ஒரு தடுப்பூசி ஆய்வும் தொடங்கும் முன் நின்றது. மே மாதம் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலையங்கள், வெளிநாட்டு நிலையங்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் வழியாகப் பிரித்துத் தரும் துணை மானியங்களைப் பழைய முறையில் இனி தரப்போவதில்லை என்று அறிவித்தன.

தென்னாப்பிரிக்காவில் ஆய்வுத் திறனுக்குக் குறைவில்லை. ஆனாலும் பணத்தை நிறுத்தும் பொத்தான் வேறு நாட்டில் இருந்தது. ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் பங்கேற்பாளர் விலகும் உரிமையைப் பற்றி வரிவரியாக எழுதுகின்றன. நிதி தருபவர் நடுவில் விலகினால் என்ன என்பதற்கும் அதே அளவு இடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

பிறகு விலை. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்ற லெனகாபாவிர் மருந்தை தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் சோதித்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2024 ஜூனில் தெரிந்தது. அமெரிக்காவில் இதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். 120 நாடுகளுக்கு ஜெனரிக் தயாரிக்க ஆறு நிறுவனங்களுக்கு மருந்தின் உரிமையாளர் நிறுவனம் உரிமம் கொடுத்தது. 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலர் என்று ஒப்பந்தமும் ஆகியிருக்கிறது. சரி, நல்ல செய்தி. ஆனால் இதே மருந்தின் இரண்டாவது ஆய்வில் மக்களை அனுப்பிய பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு நான்கும் அந்தப் பட்டியலில் இல்லை. சோதனை முடிந்தபின் மருந்து யாருக்கு, எப்படி என்பதை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும் என்று, மருத்துவ ஆய்வுக்கான உலக நெறிமுறையான ஹெல்சின்கி பிரகடனம் சொல்கிறது. ஆய்வில் இருந்தவர்களுக்கு மருந்து தொடர்ந்து கிடைப்பது ஒரு விஷயம், அவர்கள் தெருவில் அடுத்த வீட்டாருக்குக் கட்டுப்படியாகும் விலை வேறு விஷயம். சிங்கப்பூரும் பட்டியலில் இல்லை, வருமான அளவைப் பார்த்தால் எதிர்பார்த்ததுதான்.

நம் ஊர் எந்தப் பக்கம்

சிங்கப்பூருக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதியான நடு நாற்காலி. டான் டோக் செங் மருத்துவமனையின் எச்ஐவி நோயாளிகளின் தகவல்கள், பெயர் நீக்கப்பட்டு, டஹோட் என்ற ஆசியத் தரவுத்தளத்தில் சேர்கின்றன. 2003இல் தொடங்கிய இதில் சென்னை, கோலாலம்பூர், பாங்காக் என்று பல ஊர்களின் மையங்கள் உண்டு. ஒருங்கிணைப்பு பாங்காக்கில், புள்ளிவிவர வேலை சிட்னியில், நிதியில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து. நம் மருத்துவமனை அங்கே சென்னையையும் கோலாலம்பூரையும் போலத் தகவல் தரும் ஒரு மையம்தான்.

உள்ளூரில் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் இருக்கிறது. ஆய்வுக்குக் கொடுக்கும் ரத்தமோ திசுவோ சிங்கப்பூருக்கு வெளியே போகுமா என்று ஒப்புதல் கேட்கும்போதே சொல்லியாக வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது யாரைக் கணக்கில் எடுக்கிறது என்று பார்த்தால் ஓர் ஓட்டை தெரியும். வேலை அனுமதிச் சீட்டுக்கான மருத்துவச் சோதனையில் எச்ஐவி இருப்பது தெரிந்தால் அனுமதி கிடையாது, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். தஞ்சாவூரிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்த ஊழியர் இங்கே தொற்று தெரிந்து, அங்கே சிகிச்சை பெறுவார். சிங்கப்பூரின் நீண்டகால எச்ஐவி ஆய்வுகளில் அவர் தொடர்ந்து இருக்க வழியில்லை. இங்கே உழைத்தவர்களில் ஒரு பெரிய பிரிவைப் பற்றி இங்குள்ள ஆய்வு பேசாததற்கு இதுவும் காரணம்.

வேறொரு நோயில் அவர்கள் ஆய்வுக்குள் வந்தார்கள். 2020இல் சிங்கப்பூரின் துவாஸ் சவுத் தங்குவிடுதியில், கொவிட் தொற்று வராமல் தடுக்குமா என்று சில மருந்துகளை ஒப்பிடும் ஆய்வு நடந்தது. 3,037 ஆண்கள், எல்லாரும் வெளிநாட்டு ஊழியர்கள். நெறிமுறை அனுமதி பெற்று, ஒப்புதல் வாங்கி, கொடுத்த மருந்துகளும் பழக்கமானவை. அதைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அவர்களுக்கே உடனடிப் பலன் தரக்கூடிய கேள்வியும்கூட. ஆனால் 1997இல் உகாண்டாவுக்கும் 2004இல் புனோம்பென்னுக்கும் கேட்ட கேள்வியை அங்கேயும் கேட்கலாம். வெளியே போக முடியாமல் விடுதிக்குள் அடைந்திருக்கும், வேலையும் தங்கும் உரிமையும் முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும் ஒருவர், வெள்ளைக் கோட்டு போட்டவர் நீட்டும் படிவத்துக்கு எவ்வளவு சுலபமாக 'வேண்டாம்' சொல்வார்? பணக்கார நாடும் ஏழை நாடும் சந்திக்க இங்கே விமானம் ஏற வேண்டியதில்லை, துவாஸுக்குப் பேருந்து போகிறது.

ஆய்விலிருந்து விலகினாலும் சிகிச்சை பாதிக்காது என்று ஒப்புதல் படிவத்தில் எழுத மருத்துவமனையால் முடியும். வேலை பாதிக்காது என்று எழுதும் அதிகாரம் அதற்கில்லை. அடுத்த முறை ஊழியர்களிடம் ஓர் ஆய்வு போகும்போது, எச்ஐவி ஆனாலும் காசநோய் ஆனாலும், முதலாளியிடமிருந்து அந்த உறுதியை எழுத்தில் வாங்கிய பிறகே படிவத்தை நீட்ட வேண்டும் என்று நெறிமுறைக் குழு கேட்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.